ஞானப்பல்லைக் களைந்தபின் வரும் நோவு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், உதகமண்டலத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகளின் படிப்பு, உபகாரச் சம்பளம், கலியாணச் செலவு முதலிய பெரிய காரியங்களைப் பேசிப் பழகிய இச்சபையில், கடைவாயின் கோடியில் முளைக்கும் ஒரு பல்லைப்பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். ஆயினும் நம்மவர் வீடுகளில் பதினெட்டு முதல் முப்பது வயது வரையிலுள்ள ஆண்மக்களும் பெண்மக்களும் இப்பல்லை எடுத்துக்கொள்வது இந்நாளில் சாதாரணமாகிவிட்டது. எடுத்தபின் வருகின்ற வலியில், புண் ஆறுங்கால் இயல்பாக உண்டாவது எது, வேறொரு கேட்டின் அறிகுறி எது என்று பிரித்தறிய வீட்டிலுள்ளோர்க்குத் தெரிவதில்லை. அதனால் வீண் அச்சமும் உண்டாகின்றது. வீண் துணிவும் உண்டாகின்றது.

பல் வைத்தியத்தில் பல்லாண்டு பழகிய யாம் கண்டவரையில் நம்மவர் இருதிறத்தார். ஒரு திறத்தார், எச்சிலில் சிறிது செந்நிறம் கண்டவுடனே பதறி, நடுநிசியில் வாடகைக் கார் பிடித்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுவர். மற்றொரு திறத்தார், எது வந்தாலும் “பல் பிடுங்கினால் வலிக்கத்தானே செய்யும்” என்று சொல்லி வாளாவிருப்பர். முன்னவர்க்கு நேர்வது கார் வாடகை நஷ்டம் மாத்திரமே. பின்னவரைக் குறித்தே யாம் அஞ்சுகின்றோம். அவர்களே நம் குடும்பங்களில் மிகுதி; அவர்களிலும் பெண்மக்களே மிகுதி. வலியை வெளியில் சொல்லாதிருத்தலைப் பொறுமை என்று நாம் நெடுங்காலமாகப் புகழ்ந்துவந்திருக்கின்றோம். மற்ற இடங்களில் அப்பொறுமை எத்தன்மையதாயினும் ஆகுக. பல் எடுத்த புண்ணில் அது உதவாது.

ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் வழங்கப்படுவது மூன்றாவது கடைவாய்ப்பல்லாகும். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள், பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். சிலர்க்கு முளைப்பதே இல்லை. அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் இப்பெயர் பெற்றதேயன்றி வேறு காரணமில்லை. நான்கும் முளைத்தும் ஞானம் முளையாதவர் பலரை யாம் அறிவோம். மற்றப் பற்களெல்லாம் இடம் பிடித்துக்கொண்ட பின்னர் இது கடைசியாக வருவதால், தாடையில் இடமின்றிக் கோணியும், படுத்தும், ஈறினுள் பாதி புதைந்தும் நின்றுவிடுகின்றது. மேற்பல் பெரும்பாலும் எளிதாக வந்துவிடும். கீழ்ப்பல்லோ கெட்டியான எலும்பினுள் கிடப்பது. ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது செதுக்கி, பல்லையே துண்டு செய்து எடுக்க நேரிடுகின்றது. “பல் பிடுங்கினார்கள்” என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் நாம் சொல்லிவிடுகின்றோம். ஆயினும் பின்னது உண்மையில் ஒரு சிறு சஸ்திர சிகிச்சையே.

நோவில்லாமல் அறுவை செய்யும் முறை உலகில் தோன்றிய வரலாற்றிலும் இந்த ஞானப்பல்லுக்கு ஓரிடம் உண்டு. அமெரிக்க தேசத்து ஹார்ட்போர்டு நகரத்துப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ் என்பார், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவைத் தாமே முகர்ந்து, ஜான் ரிக்ஸ் என்னும் மற்றொரு வைத்தியரைக் கொண்டு தமது ஞானப்பல் ஒன்றை எடுப்பித்தார், வலி தெரியவில்லை. பல்லை எடுக்கும்போதுள்ள வலிக்கு அதுமுதல் ஒவ்வொன்றாக உபாயங்கள் ஏற்பட்டன. எடுத்தபின் வரும் வலியோ இன்றும் இருக்கின்றது. புண்ணின் நிலைமையை வீட்டிலிருந்தபடியே நமக்குத் தெரிவிப்பதும் அதுவே. ஆகையால் அதன் பாஷையைச் சிறிது கற்றுக்கொள்ளுதல் நலம்.

பல் எடுத்த இடத்தில் ஒரு குழி உண்டாகின்றது. அக்குழியில் இரத்தம் நிரம்பி உறைந்து கட்டியாகின்றது. அக்கட்டியே குழிக்கு மூடி. அதன் கீழே எலும்பும் நரம்பின் நுனிகளும் மறைந்து கிடக்கின்றன. நாளடைவில் அக்கட்டியினுள்ளே புதுச் சதை வளர்ந்து, மூன்று நான்கு வாரத்தில் ஈறு மேலே மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்புவதற்குப் பல மாதம் செல்லும். இந்த மூடியை மனத்தில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

மரத்துப்போகச் செய்யும் ஊசியின் பலம் கீழ்த்தாடையில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை நிற்கும். அது இறங்குங்கால் நோவு ஏறும். முதல் இரவே பெரும்பாலும் கடுமையான இரவு. எச்சில் 24 மணி நேரம் வரை செந்நீராக வரலாம்; ஒரு துளி இரத்தம் வாய் நிறைந்த எச்சிலையும் சிவக்கச் செய்யும் என்பதை நினைவில் வைக்க. கன்னத்து வீக்கம் முதல் நாள் காலையைவிட இரண்டாம் நாள் மிகுதியாகும். 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் வடியத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறையும். மறுநாள் கண்ணாடியில் முகம் பூசணிக்காய்போல் இருக்கக் கண்டு கலங்க வேண்டா. கன்னத்திலும் கழுத்திலும் நீலமும் மஞ்சளுமாகக் கறை தோன்றலாம். வாய் முழுதும் திறவாமை ஒரு வாரம் பத்து நாள் இருக்கலாம். விழுங்குங்கால் தொண்டையில் நோவு, காதுப் பக்கம் இழுப்பு, உதட்டோரத்தில் வெடிப்பு, முதல் நாள் தேகத்தில் சிறு சூடு ஆகிய இவையும் இயல்பே.

இவை எல்லாவற்றிற்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. வலி எவ்வளவு என்று பார்ப்பதைவிட, வலி எப்பக்கம் போகின்றது என்று பாருங்கள். ஆறுகின்ற புண்ணின் வலி, தொடக்கத்தில் எவ்வளவு கடுமையாயிருப்பினும், நாளுக்கு நாள் இறங்கும். இரண்டு மூன்று நாள் இறங்கியபின் திரும்பி ஏறுகின்ற நோவு, மூன்றாம் நாளுக்குப் பின்னும் பெருகுகின்ற வீக்கம், திறந்துகொண்டு வந்த வாய் மீண்டும் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை இயல்பின்பாற் பட்டனவல்ல. நோவு சிறிதே ஆயினும், திரும்பி ஏறினால் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

இதனை நினைவாற்றலுக்கு விட்டுவிடலாகாது. வலியுள்ளவர்க்கு நேற்றைய வலி இன்று நினைவிராது. ஆகையால் சமையலறைச் சுவரில் மாட்டியுள்ள நாட்காட்டியிலேயே, காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மூன்று செய்திகளைக் குறித்துவருமாறு யாம் சொல்வதுண்டு. பத்துக்கு எத்தனை வலி, வாய் தமது கைவிரல் எத்தனை நுழையும்படி திறக்கின்றது, உஷ்ணமானி எவ்வளவு காட்டுகின்றது என்பனவே அவை. நலமுற்ற வாயில் மூன்று விரல்களை நிமிர்த்து நுழைக்கலாம். குறிப்பதை வீட்டில் வேறொருவர் செய்க. நோயாளியே எழுதினால் “பரவாயில்லை” என்றே எழுதிவிடுவார்.

இனிக் கேடுகளுக்கு வருவோம். மிகுதியாக நேர்வதும், ஆபத்தில்லாததும், ஆயினும் மிகக் கொடிய வலியைத் தருவதும் ஒன்றுண்டு. கோத்தகிரிப் பக்கத்து இளம் பெண்மணி ஒருவர் கீழ் ஞானப்பல்லை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வலி தணிந்து அடுப்பங்கரைக்கும் வந்துவிட்டார். நான்காம் நாள் விடியலில் காதிலும் நெற்றிப்பொட்டிலும் ஈட்டியைப் பாய்ச்சினாற்போல நோவு எழுந்தது. வீக்கமில்லை; ஜுரமில்லை; முகம் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆகவே வீட்டார், “வீக்கமே வடிந்துவிட்டது, இனி என்ன?” என்றனர். அவரும் மாமியாரிடம் மீண்டும் சொல்லக் கூசி, இரவெல்லாம் உட்கார்ந்தபடியே ஆறு நாள் கழித்தார். எம்மிடம் அழைத்துவரப்பட்டபோது குழியில் இரத்தக்கட்டி இல்லை. அடியில் வெண்ணிற எலும்பு தெரிந்தது. வாயில் துர்நாற்றம் இருந்தது. குழியைக் கழுவி மருந்துத் திரி வைத்த சிறிது நேரத்தில் அவர் அழுதுவிட்டார். ஆறு நாள் வலியில் அழாதவர், வலி நின்றவுடன் அழுதார்.

இதனை ஆங்கில வைத்தியர் ‘டிரை சாக்கெட்’ என்பர்; உலர்ந்த குழி என்பது பொருள். 1896-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிராஃபர்டு என்பவர் இப்பெயரிட்டு எழுதினார். மூடி கழன்றுபோனமையால் எலும்பு காற்றுக்கும் உணவுக்கும் திறந்து கிடத்தலே இதன் தன்மை. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தொடங்கும்; மேற்பல்லைவிடக் கீழ்ப்பல்லில் பன்மடங்கு மிகுதி. புகை பிடிப்போர்க்கும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் மாதர்க்கும், வருந்தி எடுக்கப்பட்ட பல்லுக்கும் இது எளிதில் நேரும். குழாயிட்டு உறிஞ்சுதல், காறித் துப்புதல், முதல் நாளே வேகமாக வாய் கொப்பளித்தல் ஆகியவையும் கட்டியைப் பெயர்த்துவிடும். கிருமி கொல்லும் மாத்திரைகளால் இவ்வலி தீராது. குழியைக் கழுவி மருந்திட்டால்தான் தணியும். அம்மருந்தில் பெரும்பாலும் இருப்பது கிராம்பின் சத்தான யூஜினாலே. அது கேட்டவுடன், “ஆயின் வீட்டிலுள்ள கிராம்புத் தைலத்தையே ஊற்றிக்கொள்ளலாமே” என்று தாய்மார் கேட்பதுண்டு. ஊற்றலாகாது. தைலம் அளவு மீறிப் பட்டால் சதையையும் ஈறையும் சுட்டுவிடும். மருந்திடாமல் விட்டாலும் இது ஏறக்குறைய பத்து நாளில் தானே ஆறும். ஆயினும் அரை மணி வேலையால் தீரக்கூடியதைப் பத்து நாள் சுமப்பானேன்?

மற்றொன்று உண்டு, அது பத்து நாள் காத்திராது. கிருமி புகுந்து சீழ் கொள்ளுதலைச் சொல்லுகின்றோம். குன்னூர் மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்துவந்த வாலிபர்க்கு, பல் எடுத்த நான்காம் நாள் வீக்கம் வடிவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி இறங்கிற்று. தாடையின் அடியும் கழுத்தும் கட்டைபோல் இறுகின. ஜுரம் கண்டது. “இலை எடுக்கும் காலம், விடுமுறை கேட்டால் மேஸ்திரி என்ன சொல்வாரோ” என்று அவர் இரண்டு நாள் போக்கினார். ஆறாம் நாள் மாலையில் எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரத்தில் வழிந்தது. நாக்கு மேலெழுந்து நின்றது. பேச்சு, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஆயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அதைக் கண்டு, எவரையும் கேளாமல் 108-க்குச் சொல்லி வண்டியை வரவழைத்தார். ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிச் சீழை வெளிப்படுத்தினர். பிள்ளை பிழைத்தார். இன்னும் ஓரிரவு கழிந்திருந்தால் என்னாகும் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

வாயின் அடித்தளம் முழுதும் இவ்வாறு வீங்கி மூச்சுவழியை அடைக்கும் நோயை, ஜெர்மனி தேசத்து வைத்தியர் லுட்விக் என்பார் 1836-ஆம் ஆண்டில் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. கிருமி கொல்லும் மருந்துகள் தோன்றுமுன் இதனால் பிடிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர். கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர் நுனிகள் தாடையின் அடிப்பக்கத்து இடைவெளிகளை ஒட்டியிருப்பதே சீழ் அங்கே இறங்குவதற்குக் காரணம். ஆகையால் கீழ்வருவனவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது பார்த்தலாகாது: வீக்கம் தாடையைக் கடந்து கழுத்துக்கு இறங்குதல் அல்லது கண்ணுக்கு ஏறுதல், தன் எச்சிலைத் தானே விழுங்க இயலாமை, நாக்கு உயர்தல், குரல் மாறுதல், படுக்க முடியாமை, மூச்சுத் திணறல். இரண்டாம் நாளுக்குப்பின் பாரன்ஹீட் 100.4 பாகையைக் கடக்கும் ஜுரமும், குழியிலிருந்து வரும் சீழும் அன்றே வைத்தியரைக் காணவேண்டியவை.

நாம் மலைமேல் வாழ்பவர் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுதல் கடமையாகும். சமவெளியில் உள்ளோர், “இன்றிரவு பார்த்துக்கொண்டு காலையில் போகலாம்” என்று சொல்லலாம். நமக்கு அது எப்பொழுதும் பொருந்தாது. உதகையிலிருந்து கோயமுத்தூர் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இடையில் கொண்டையூசி வளைவுகளும், மூடுபனியும், யானை கடக்கும் இடங்களும் உள்ளன. 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து நிலச்சரிவை நம்மில் பலர் கண்டோம், நாற்பதின்மருக்கு மேல் உயிரிழந்தனர், சாலைகள் துண்டுபட்டன. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தார்க்கும் உள்தோட்டங்களில் குடியிருப்போர்க்கும் தார்ச்சாலையை அடைவதே ஒரு பிரயாணம். ஆகையால் பிற்பகல் மூன்று மணிக்குக் குறிப்பைப் பார்த்து, வலியும் வீக்கமும் ஏறுமுகமாயிருந்தால், இருட்டுமுன் புறப்படுக. அவசரமில்லாத பல்லை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்துக்கொள்ளாமல் வேறு மாதம் பார்த்துக்கொள்க. எடுக்கும் நாளும் வாரத்தின் முற்பகுதியாக இருத்தல் நலம். மூன்றாம் நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வைத்தியசாலை பூட்டியிருக்கும். உதகையில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், குன்னூரில் லாலி ஆஸ்பத்திரியும் உள்ளன. மூச்சு முட்டுவோரை முதலில் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கே கொண்டுசெல்க. கோயமுத்தூரில் தெரிந்த வைத்தியர் இருக்கின்றார் என்று வழியில் உள்ளதைக் கடந்து செல்வது பெரும் பிசகு.

இரத்தம் நில்லாமையைப்பற்றியும் சொல்லுதல் வேண்டும். சுத்தமான துணியை மடித்துக் குழியின்மேல் வைத்து, அரை மணி நேரம் இடைவிடாமல் கடித்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்து எடுத்துப் பார்ப்பதனாலேயே பலர்க்கு நிற்பதில்லை. துணி கிடையாவிடின் நம் மலையின் சரக்கே உதவும்: தேயிலைப்பை ஒன்றை வெந்நீரில் நனைத்து, நன்றாக ஆறவிட்டுப் பிழிந்து கடித்துக்கொள்ளலாம், தேயிலையின் துவர்ப்புச் சத்து இரத்தம் உறைவதற்குத் துணை செய்யும். ஆனால் அன்று சூடான தேநீர் குடித்தலாகாது. நாளொன்றுக்கு எட்டுக் குவளை குடிப்போர்க்கு இது கடினமே, என் செய்வது! ஆறிய தேநீர் குடிக்கத் தடையில்லை. அரை மணிக் கடிப்பு இரண்டு முறை ஆகியும் புது இரத்தம் வாய் நிறைந்து வந்தால் வைத்தியரிடம் செல்க. இருதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் முதலிய மருந்துகளை உட்கொள்வோர் பல்லை எடுக்குமுன்னரே அதைச் சொல்லுதல் வேண்டும். தாமாகவே நிறுத்திவிடுதல் பல்லைவிடப் பெரிய ஆபத்தை வருவிக்கும்.

உதகைக் குளிரில் பல் நோவென்றால் தலையில் மப்ளரைச் சுற்றிக் கணப்பண்டை உட்கார்ந்து கன்னத்தைக் காய்ச்சுவது நம் வழக்கம். முதல் நாள் அது கூடாது; வீக்கமும் இரத்தமும் மிகும். குளிரானாலும் முதல் நாள் குளிர்ந்த ஒத்தடமே தகும். இரண்டு நாள் கழித்து வெந்நீர் ஒத்தடம் இதமாயிருக்கும். உப்பு நீரால் மெல்ல அலசுவது 24 மணி நேரம் கழித்தே. பீடி, சுருட்டு, புகையிலை, வெற்றிலைபாக்கு யாவும் குறைந்தது மூன்று நாள் விலக்கத்தக்கன. வாயில் பிராந்தியை ஒதுக்கிவைத்தால் வலி போகும் என்று சொல்லும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உளர். பிராந்தியின்மீது அவர்கட்குள்ள அபிமானத்தையே அது காட்டுகின்றது. மெட்ரோனிடசோல் என்னும் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் மதுவைத் தொடவே கூடாது.

மாத்திரைகளைப்பற்றிச் சில வார்த்தைகள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சேர்ந்து இவ்வலிக்கு நன்கு வேலை செய்யும். ஆயினும் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரூஃபனை வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் எவர்க்கும் ஆகாது. அண்ணனுக்குச் சென்ற வருஷம் கொடுத்து மிஞ்சிய கிருமி மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பது, சீழை மறைத்து நாளைக் கடத்துமேயன்றித் தீர்க்காது.

அரிதாக நேர்வன சில உள. ஊசியின் பலம் இறங்கவேண்டிய காலம் கழிந்து, மறுநாளும் கீழுதடோ நாக்கோ மரத்தேயிருந்தால் நரம்பு நசுங்கியிருக்கலாம். பெரும்பான்மையோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும். ஆயினும் உடனே வைத்தியர்க்குத் தெரிவித்து எழுதிவைக்கச் செய்க. மேற்பல் எடுத்தபின் குடித்த நீர் மூக்கின் வழியே வந்தால், குழிக்கும் கன்ன எலும்பின் உள்ளறைக்கும் இடையில் துவாரம் விழுந்துள்ளதென்று அறிக; மூக்கைச் சிந்தாமல் வைத்தியரிடம் செல்க. இரண்டு மூன்று வாரம் ஆகி, எல்லாம் ஆறிற்று என்று முறுக்கைக் கடிக்கையில் ‘படக்’ என்று ஓசை கேட்டுத் தாடை நொந்தால் எலும்பு விண்டிருக்கலாம். நாற்பது வயதைக் கடந்த ஆடவர்க்கே இது பெரும்பாலும் நேர்வது.

கடைசியாக ஒன்று. 2023-ஆம் ஆண்டில் திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடியில், ஒரு பல் வைத்திய நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர் மெலியாய்டோசிஸ் என்னும் தொற்று மூளையைத் தாக்கியதால் மாண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் பிறரும் செய்த ஆராய்ச்சி 2025-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாயைக் கழுவும் உப்புநீர்ப் புட்டியைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல், மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே காரணமென அதில் கண்டனர். இது மிக அரிது. இதனைக் கேட்டு எவரும் பல் வைத்தியத்துக்கே அஞ்ச வேண்டா. ஆனால் பல் எடுத்த சில நாட்களில் ஜுரத்தோடு தீராத தலைவலி, நாக்குழறல், பார்வை இரட்டித்தல், முகம் ஒருபுறம் கோணுதல் இவை கண்டால், அதனைப் பல்வலி என்று எண்ணியிராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்க. அண்மையில் பல் எடுத்த செய்தியை அங்கே மறவாமல் சொல்லுக. கருவிகள் நீராவியில் சுத்தி செய்யப்பட்டனவா, உப்புநீர்ப் புட்டி புதிதா என்று வைத்தியரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. எம்மைக் கேட்போரிடம் யாம் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்கும்போது “ரொம்ப வலிக்கிறது” என்று மாத்திரம் சொன்னால் அவரால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. எடுத்து எத்தனையாம் நாள், மேற்பல்லா கீழ்ப்பல்லா, நேற்றைவிட ஏறியதா இறங்கியதா, வாய் எத்தனை விரல் திறக்கின்றது, ஜுரம் எவ்வளவு, என்னென்ன மாத்திரை உட்கொண்டார் என்பவற்றைச் சொல்லுக. நாட்காட்டியின் அத்தாளையும், மருந்துச் சீட்டையும், பல்லின் எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டுசெல்க. இனிச் சபையோர் கேட்பனவற்றிற்கு யாம் அறிந்தவரையில் விடை கூறச் சித்தமாயிருக்கின்றோம்.